பழக்கமில்லாத கைகளுக்கு ஏற்ற கிறிஸ்துமஸ் கைவினைகள்

டிசம்பர் நெருங்கியதும் முதியோர் இல்லங்களிலும் பகல்நேரப் பராமரிப்பு மையங்களிலும் வண்ணத்தாளும் பசையும் மேசைக்கு வந்துவிடுகின்றன. அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ள மக்களுக்கு உதவும் தொழில்வழிச் சிகிச்சையாளராகப் பணிபுரியும் என்னிடம் அந்த நாட்களில் பலரும் கேட்பது ஒன்றுதான்: கைவினை எதுவும் செய்து பழகாத பெரியவர்களுக்கு எளிதாக என்ன கொடுக்கலாம்? கேட்பவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளுக்கான செய்முறை ஒன்றையே மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. குழந்தையின் கண் கூர்மையானது, விரல் மூட்டுகள் வலிப்பதில்லை; ஆனால் அதற்குத் திட்டமிட வராது, பொறுமையும் குறைவு. பெரியவரிடம் நிலைமை தலைகீழாக இருக்கிறது. அளவு, ஒழுங்கு, நிறப் பொருத்தம் எல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். அவரைத் தடுப்பவை கண்ணும் விரலும்தான். ஆகவே வடிவத்தைச் சிறுபிள்ளைத்தனமாக்குவதால் அவருக்கு வேலை எளிதாவதில்லை. பொருளையும் கருவியையும் வெளிச்சத்தையும் இருக்கையையும் அவருக்கு ஏற்றபடி மாற்றினால்தான் எளிதாகும்.

வெளிச்சத்திலிருந்து தொடங்கலாம். வயது ஏற ஏறக் கண்பாவை சிறுத்து, விழிவில்லை மஞ்சளிப்பதால், அறுபது வயதில் விழித்திரையை எட்டும் ஒளி இருபது வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. எனவே அறையின் பொது விளக்கு போதாது. கண்ணைக் கூசச் செய்யாமல் பக்கவாட்டிலிருந்து கை மீது விழும் மேசை விளக்கு ஒன்று வேண்டும். நீலத்தையும் பச்சையையும் பிரித்தறிவது பலருக்குக் கடினமாக இருப்பதால், அவ்விரு நிறங்களையும் அருகருகே கொடுப்பதைத் தவிர்க்கிறேன். வெள்ளை மேசை மீது வெள்ளைத்தாளை வைத்தால் அதன் விளிம்பே தெரியாது. கருநிறத் துணி ஒன்றை விரித்துவிட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும்.

அடுத்து கை. கட்டைவிரலின் அடிமூட்டில் தேய்மானம் உள்ளவர்கள் ஏராளம். விரல் நுனிகளால் ஒரு பொருளைக் கிள்ளிப் பிடிக்கும்போது, நுனியில் உள்ள விசையைப் போலப் பல மடங்கு விசை அந்த அடிமூட்டின் மேல் விழுகிறது. சிறிய மணிகளைக் கோப்பதும், மெல்லிய குச்சியைப் பிடித்திருப்பதும், சாதாரணக் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டுவதும் அவர்களுக்கு வலியைத் தருவது இதனால்தான். அழுத்தத்தை விட்டதும் தானே விரியும் சுருள்வில் கத்தரிக்கோலும், நுரைக்குழாய் சுற்றித் தடிமனாக்கிய தூரிகைக் கைப்பிடியும் பெரிய மாற்றத்தைச் செய்கின்றன. பக்கவாதத்துக்குப் பின் ஒரு கையால் மட்டும் வேலை செய்பவருக்குத் தாள் நகராமல் இருப்பதே முதல் தேவை. வழுக்காத ரப்பர் விரிப்போ, நனைத்துப் பிழிந்த துண்டின் மேல் வைத்த தட்டோ போதும். கை நடுங்குபவர் முழங்கைகள் இரண்டையும் மேசை மீது ஊன்றிக்கொண்டால் நடுக்கம் ஓரளவு அடங்கும். இதற்கெல்லாம் முன்பாக, பாதங்கள் தரையில் படிகின்றனவா, மேசை முழங்கை உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

முதன்முறையாக அமர்பவருக்கு நான் பெரும்பாலும் தருவது துணிக்கீற்று வளையம். பழைய பருத்தி உடைகளை 15 சென்டிமீட்டர் நீளமும் 2.5 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட கீற்றுகளாக முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொண்டு, 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள கம்பி வளையத்தில் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முடிச்சாகப் போட்டு நெருக்கிக்கொண்டே போனால், கதவில் தொங்கவிடும் அலங்கார வளையம் தயாராகிவிடும். இதற்குப் பசையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். முடிச்சு எப்பக்கம் திரும்பினாலும் குறையாகத் தெரியாது. பார்வை மிகக் குறைந்தவர்கூடத் தடவிப் பார்த்தே செய்யலாம். பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். முடிச்சுப் போட இயலாத கைக்கு, நீளமான ஒரே கீற்றை வளையத்தின் மேல் சுற்றிக்கொண்டே போவது மாற்று வழி. அடர் சிவப்பும் வெள்ளையும் கலந்து கொடுத்தால் கண்ணுக்கும் தெளிவாக இருக்கும். பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேலை இது என்பதையும் சொல்ல வேண்டும். குழுவாக அமரும்போது அதுவே பெரிய வசதி.

பழைய வாழ்த்து அட்டைகளிலிருந்து, பரிசுப் பொதிகளில் கட்டும் சீட்டுகள் செய்வது இன்னொன்று. வணிக முறையில் அச்சிடப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் அட்டை 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்காக ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்தது என்ற தகவலைச் சொல்லித் தொடங்கினால், அட்டை அனுப்பிய காலத்து நினைவுகள் தாமாகவே வெளிவரும். அட்டைகளில் உள்ள படங்களைச் சுற்றி வெட்டி, மேல் முனையில் துளையிட்டு, ரிப்பன் கோத்தால் வேலை முடிந்தது. ஓவியத் திறமை எதுவும் தேவைப்படாததால் "எனக்கு வரையத் தெரியாது" என்ற தயக்கம் எழ வாய்ப்பே இல்லை. துளையிடும் கருவியைக் கையில் பிடித்து அழுத்தாமல் மேசை மீது வைத்து உள்ளங்கையால் அழுத்தச் சொல்லுங்கள். ஒருவருக்கு உரிய அட்டையை அவர் அனுமதியின்றி வெட்டக் கூடாது. மறைந்த துணைவரின் கையெழுத்து அதில் இருக்கக்கூடும்.

ஐஸ்கிரீம் குச்சி நட்சத்திரத்துக்கு ஆறு குச்சிகள் போதும். மும்மூன்றாக இரண்டு முக்கோணங்கள் ஒட்டி, ஒன்றைத் தலைகீழாக மற்றதன் மேல் வைத்து ஒட்டிவிட வேண்டும். அகலமான குச்சிகளாக இருந்தால் பிடிப்பது எளிது. ஒட்டிய இடங்களில் கம்பளி நூலைச் சுற்றிவிட்டால் பசை வழிந்தது தெரியாது. காகிதச் சங்கிலியை எல்லாரும் அறிவார்கள்: 20 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் அகலம் உள்ள தாள்களில் ஏறத்தாழ 35 இருந்தால் இரண்டு மீட்டர் சங்கிலி கிடைத்துவிடும். சிறிய ஸ்டேப்ளரை அழுத்த வலிமை வேண்டியிருப்பதால் பசைக்குச்சியே நல்லது.

கண்ணாடிக் குடுவை விளக்குக்கு மெல்லிய வண்ணத்தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழித்துக்கொள்ளலாம். கிழிந்த விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது ஒளி இன்னும் அழகாகப் பரவுகிறது. கைநடுக்கம் இங்கே குறையே அல்ல. தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைக் குடுவையின் வெளிப்புறத்தில் தடவி, துண்டுகளை ஒட்டி, உலரவிட்டு, உள்ளே மின்கல விளக்கை வைக்க வேண்டும். மெழுகுவர்த்தி வேண்டாம். ஆக்சிஜன் பயன்படுத்துபவர் இருக்கும் அறையில் எரியும் சுடர் எந்த வடிவிலும் இருக்கக் கூடாது. சிறு மின்விளக்குகளில் உள்ள பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டால் உணவுக்குழாய் சில மணி நேரத்திலேயே கடுமையாகப் புண்படும். எனவே பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருப்பதை வாங்கும்போதே உறுதி செய்துகொள்ளுங்கள்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. சூட்டுப் பசைத் துப்பாக்கியை நான் பெரியவர்கள் கையில் கொடுப்பதில்லை. உயர்வெப்ப வகையில் பசையின் வெப்பம் 190 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும்; நீரிழிவால் விரல்களில் உணர்வு குறைந்தவருக்குச் சுட்டது தெரியவே தெரியாது, மெலிந்த தோலோ ஆற நாளாகும். வாசனை அலங்காரத்துக்காக ஆரஞ்சுப் பழத்தில் கிராம்பு குத்துவது எளிய வேலை என்று பல பட்டியல்களில் இடம்பெறுகிறது. கட்டைவிரல் மூட்டு வலி உள்ளவருக்கு அது தண்டனை. பல கூர்முனைகள் கொண்ட மொரேவிய நட்சத்திரம் 1830-களில் ஜெர்மனியின் பள்ளி ஒன்றில் வடிவியல் பாடமாகத் தொடங்கியது என்பதே அது தொடக்கநிலையாளருக்கு உரியதன்று என்பதைக் காட்டும்.

மறதி நோய் உள்ளவர்களுடன் அமரும்போது இன்னும் கவனம் தேவை. உணவைப் போலத் தோன்றும் எதையும் மேசையில் வைக்காதீர்கள். உப்பு மாவில் செய்த அலங்காரத்தைத் தின்றால் உடலில் உப்பு ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு வைக்கும் ஹாலி, மிசில்டோ செடிகளின் கனிகள் நச்சுத்தன்மை கொண்டவை, அவற்றின் இடத்தில் பெரிய துணிப் பந்துகளை வைக்கலாம். எல்லாப் பொருள்களையும் ஒரே நேரத்தில் பரப்பாமல், முடிந்த மாதிரி ஒன்றையும் அந்த நேரத்துப் படிக்கு உரிய பொருளையும் மட்டும் முன்னால் வைத்து, சொல்வதைவிடச் செய்து காட்டுவது பயன் தரும்.

பல இடங்களில் கைவினை நேரத்தைக் கெடுப்பது உதவி செய்பவரின் ஆர்வமே என்று துணிந்து சொல்வேன். கோணலாக ஒட்டியதை, பெரியவர் எழுந்து போனதும் பிரித்து நேராக ஒட்டிவிடுகிறார்கள். அவர் திரும்பி வந்து பார்க்கும்போது அது அவருடைய பொருளாக இருப்பதில்லை. உதவியைத் தொடக்கத்திலேயே செய்து முடித்துவிட வேண்டும்: வெட்டி வையுங்கள், துளையிட்டு வையுங்கள், முதல் முடிச்சைப் போட்டுக் கொடுங்கள். கடைசிப் படியையும் நிறத் தேர்வையும் அவரிடமே விடுங்கள். "இதெல்லாம் எனக்கு எதற்கு" என்று ஒதுங்கும் ஆண்கள் பலர், அளந்து வெட்டுவதையும் கம்பியை வளைத்து மாட்டுவதையும் கொடுத்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்துவிடுவார்கள். செய்த பொருள் எங்கே தொங்கப்போகிறது, யாருக்குப் போகப்போகிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்; பேரனுக்குப் போகும் பரிசில் கட்டப்போகும் சீட்டு என்று தெரிந்தால் விரல்கள் வேறு விதமாக இயங்கும்.

ஓர் அமர்வு இருபது முதல் முப்பது நிமிடங்களுக்குள் இருக்கட்டும். இடையில் ஒருமுறை கையை நீட்டி மடக்கி ஓய்வு கொடுங்கள். வேலை முடிந்த பிறகு மூட்டு வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், அன்று செய்தது அதிகம் என்று பொருள்; அடுத்த முறை நேரத்தைப் பாதியாக்குங்கள், அல்லது துணிக்கீற்றைப் போல இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லாத பொருளுக்கு மாறுங்கள். மூட்டு சிவந்தோ வீங்கியோ சூடாகவோ இருந்தால் அது தணியும்வரை கைவினையைத் தள்ளிவைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.