பெரியம்மை கடல் கடக்க 26 ஆண்டுகள்

கொலம்பஸ் கரிபியன் தீவுகளில் இறங்கியது 1492இல். பெரியம்மை அங்கே போய்ச் சேர்ந்தது 1518ஆம் ஆண்டின் கடைசியில். அமெரிக்கப் பழங்குடிகள் அழிந்ததற்கு ஐரோப்பியர் கொண்டுவந்த கிருமிதான் காரணம் என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பவர்கள், இந்த 26 ஆண்டு இடைவெளியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஏன் அத்தனை தாமதம்? பெரியம்மை வைரஸ் மனித உடலை நம்பியே பிழைத்துவந்தது. தொற்றி ஏறக்குறைய 12 நாளில் காய்ச்சல் அடிக்கும், அப்புறம் கொப்புளம் கிளம்பும். மூன்று, நான்கு வாரத்தில் பக்கு உதிர்ந்து ஆள் தேறுவார், இல்லையென்றால் இறந்திருப்பார். பத்துப் பேரில் மூன்று பேர் இறப்பார்கள். தேறியவருக்கு மறுபடி வராது. பாய்மரக் கப்பல் அட்லாண்டிக்கைக் கடக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கப்பலில் இருந்த பெரியவர்களில் பலர் சிறுவயதிலேயே அம்மை கண்டு தேறியவர்கள். கரை ஏறும்போதும் ஒருவர் உடம்பிலாவது நோய் இருக்க வேண்டுமானால், நடுக்கடலில் அது ஆள் மாற்றி ஆள் தொற்றிக்கொண்டே வர வேண்டும். அது லேசில் நடக்கவில்லை.

ஆனால் கரிபியனில் உள்ள ஹிஸ்பானியோலா தீவின் பழங்குடிகளான தைனோ மக்கள் அதற்குள்ளேயே குலைந்துபோயிருந்தார்கள். 1514இல் ஸ்பானியர் அவர்களை வேலைக்குப் பங்கு பிரிக்கத் தலை எண்ணியபோது சுமார் 26,000 பேர்தான் இருந்தார்கள். வேறு காய்ச்சல்கள் பரவியிருக்கலாம். அதோடு, ஆண்களை மாதக்கணக்கில் தங்கச் சுரங்கத்துக்கு ஓட்டிச் சென்றால் வயலைப் பார்ப்பது யார்? பட்டினியும் அடியும் சேர்ந்த இடத்தில் பிள்ளை பிறப்பதும் குறைந்துவிடுகிறது.

1520இல் நார்வாயெஸ் என்ற ஸ்பானியத் தளபதியின் படையோடு பெரியம்மை மெக்சிகோவுக்குள் நுழைந்தது. அங்கே ஆண்டுகொண்டிருந்த அஸ்டெக் அரசின் தலைநகரான டெனோச்டிட்லானில் நடந்ததுதான் அந்த நோயின் முழு வேகம். நம் பாட்டிமார் காலத்தில், அம்மை கண்ட குழந்தையின் பக்கத்தில் ஏற்கெனவே அம்மை வார்த்துத் தேறிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கஞ்சியும் தண்ணீரும் வேளைக்குக் கிடைக்கும். டெனோச்டிட்லானில் அப்படித் தேறியவர் ஒருவர்கூடக் கிடையாது. குழந்தை, தாய், பாட்டி எல்லோரும் ஒரே நேரத்தில் படுத்தார்கள். அங்கே சாப்பாடு என்றால் மக்காச்சோளம்; பெண்கள் மண்டியிட்டுக் கல்லில் அரைத்து, தட்டிச் சுட வேண்டும். அரைப்பவள் விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. புரண்டு படுக்கக்கூட முடியவில்லை, அசைந்தால் அலறினார்கள், கவனிக்க ஆளில்லாமல் பசியிலேயே பலர் இறந்தார்கள் என்று அந்த நாட்டு நாவா இன முதியவர்கள் பின்னாளில் சொன்னது எழுத்தில் பதிவாகியிருக்கிறது. அதைப் படித்தால் மனம் ஆறாது. காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்கள் அவை.

அரசர் குயிட்லாவாக் பட்டத்துக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவரும் அம்மையில் போனார். மறு ஆண்டு ஸ்பானியத் தளபதி கோர்டெஸ் நகரை முற்றுகையிட்டு, சாபுல்டெபெக்கிலிருந்து வந்த குடிநீர்க் கால்வாயை வெட்டினார். 1521 ஆகஸ்ட் 13இல் நகரம் விழுந்தது.

என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்ததுதான். 14ஆம் நூற்றாண்டில் பிளேக் என்ற கொள்ளைநோயில் கோடிக்கணக்கானோரைப் பறிகொடுத்த ஐரோப்பா மெல்லமெல்ல மீண்டது. நிலமும் ஊரும் பிழைத்தவர்கள் கையிலேயே இருந்தன. மெக்சிகோவில் பிழைத்தவர்களைக் கப்பம் கட்ட வைத்தார்கள், சுரங்கத்துக்கு இழுத்தார்கள், சிதறிக் கிடந்த ஊர்களைக் கலைத்து ஒரே இடத்தில் நெருக்கிக் குடியமர்த்தினார்கள். நோய் பரவ அதைவிட வசதி வேண்டுமா?

1545இல் கோகோலிஸ்ட்லி என்ற இன்னொரு கொள்ளைநோய் வந்தது. தெற்கு மெக்சிகோவின் ஓஹாகாவில் அந்தக் காலத்துக் கல்லறை ஒன்றில் கிடைத்த பற்களிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள், டைபாய்டு போன்ற காய்ச்சலைத் தரும் சால்மோனெல்லா வகைக் கிருமியின் தடயத்தை 2018இல் அறிவித்தார்கள். கெட்ட தண்ணீரிலும் உணவிலும் பரவும் கிருமி அது. 1576இல் கோகோலிஸ்ட்லி மறுபடியும் வந்தது. மெக்சிகோவின் பழங்குடி மக்கள்தொகை திரும்ப ஏறத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டில்தான்.