கதிரியக்கம்: மண்ணில் இருப்பதும் உடம்பில் படுவதும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலைப் பற்றிப் பேசும்போது ‘கதிரியக்கம்’, ‘கதிர்வீச்சு’ என்ற இரண்டு சொற்களையும் பலர் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். இரண்டும் வேறு. நிலையற்ற அணுக்கரு தானாகச் சிதையும் பண்புக்குப் பெயர் கதிரியக்கம். அப்படிச் சிதையும்போது வெளியே வருவது கதிர்வீச்சு. முதலாவது மண்ணில் இருக்கிறது, இரண்டாவது நம் மேல் படுகிறது.

‘ரேடியோஆக்டிவ்’ என்ற சொல்லை 1898-இல் பிரெஞ்சில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் மேரி கியூரியும் பியேர் கியூரியும். ‘ரேடியஸ்’ என்ற இலத்தீன் சொல் அதன் வேர். கதிருக்கும் சக்கரத்தின் ஆரத்துக்கும் அங்கே அதே சொல்தான். தமிழில் கதிர் + இயக்கம். இலங்கைப் பாடநூல்களில் ‘கதிர்த்தொழிற்பாடு’ என்று வரும். அதுவும் சரியான சொல்தான், ஆனால் சொல்லவும் எழுதவும் கதிரியக்கமே எளிது.

எந்த மண்ணிலும் இது கொஞ்சம் உண்டு. யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகியவைதான் முக்கியக் காரணம். அலகு பெக்கரல்: நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல். உலக மண்ணின் நடுத்தர மதிப்பு கிலோவுக்கு யுரேனியம்-238 சுமார் 35, தோரியம்-232 சுமார் 30, பொட்டாசியம்-40 சுமார் 400 பெக்கரல். மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவறாவிலும் தோரியம் இதைவிடப் பல மடங்கு அதிகம். அந்தக் கரைகளின் கறுப்பு நிறத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. கறுப்பு பெரும்பாலும் இல்மனைட் என்ற கனிமம். தோரியம் இருப்பது இடையிடையே கிடக்கும் மஞ்சள் பழுப்பு நிற மோனசைட் என்ற கனிமத்தின் மணிகளில்.

அளப்பதற்குப் பொறுமை வேண்டும். மண்ணை உலர்த்தி, சலித்து, எடை போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து ஏறக்குறைய ஒரு மாதம் வைத்துவிடுவார்கள். யுரேனியம் சிதைந்து உண்டாகும் ரேடியத்திலிருந்து பிறக்கும் ரேடான் வாயு தப்பிப் போகாமல், பிறப்பதும் சிதைவதும் சமநிலைக்கு வரத்தான் இந்தக் காத்திருப்பு. அப்புறம் ஈயச் சுவருக்குள் இருக்கும் காமா நிறமாலைமானியில், அதாவது காமாக் கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்து எண்ணும் கருவியில், டப்பாவை வைப்பார்கள். பொட்டாசியம்-40 என்றால் 1461 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலிலும், தோரியம் வரிசை என்றால் 2614-லும் முகடு எழும்.

சரி, கிலோவுக்கு இத்தனை பெக்கரல் என்று தெரிந்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்று சொல்லிவிடலாமா? முடியாது. உடம்பு வாங்கும் அளவுக்குப் பெயர் ஏற்பளவு, அலகு சீவெர்ட். இயற்கை மூலங்கள் எல்லாம் சேர்ந்து உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட். சவறாவை ஒட்டிய கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் கவனித்த ஆய்வு 2009-இல் வெளியானது. நிலத்திலிருந்து வரும் காமாக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. ஆறுதலான முடிவுதான். ஆனால் மிகச் சிறிய கூடுதலைக் கண்டுபிடிக்க இன்னும் பெரிய எண்ணிக்கை வேண்டும், அதனால் ஆபத்தே இல்லை என்று இதை வைத்து எழுதக் கூடாது.

நான் அதிகம் கவலைப்படுவது ரேடானை நினைத்துத்தான். மண்ணிலிருந்து கசிந்து வந்து மூடிய அறைகளில் தேங்கும் இந்த வாயு, புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம். வீட்டுக் காற்றில் கன மீட்டருக்கு 100 பெக்கரலை வரம்பாக வைக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு வீட்டில் ரேடான் எவ்வளவு என்பதை மண்ணை அளந்து கண்டுபிடிக்க முடியாது, வீட்டுக்குள் காற்றைத்தான் அளக்க வேண்டும்.