பாண்டிஃப் என்றால் பாலம் கட்டுபவர்

குன்றக்குடி ஆதீனத்தில் விழா என்றால் மறுநாள் ஆங்கிலப் பேப்பரில் சந்நிதானத்தை, அதாவது மடத்தின் தலைவரை, ‘பாண்டிஃப்’ என்று எழுதுவார்கள், அதைப் பார்த்துத் தமிழில் எழுதுகிறவர்களும் சில நேரம் அப்படியே போட்டுவிடுகிறார்கள். காரைக்குடிப் பக்கம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எனக்கு அந்தச் சொல்லே உறுத்தியது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லத்தீனில் அது ‘போன்டிஃபெக்ஸ்’. ‘போன்ஸ்’ என்றால் பாலம், ‘ஃபாகெரே’ என்றால் செய்தல், ஆக பாலம் சமைப்பவர். ரோமில் டைபர் ஆற்றின் மரப்பாலத்தைக் கட்டியதும் அடிக்கடி பழுது பார்த்ததும் இந்தக் குருமார்கள்தான், அதனால் வந்த பெயர் என்று வர்ரோ என்ற ரோம அறிஞர் சொன்னார். அவர்களின் தலைவர் ‘போன்டிஃபெக்ஸ் மாக்ஸிமஸ்’. கி.மு. 63-இல் ஜூலியஸ் சீசர் தேர்தலில் நின்று அந்தப் பதவியைப் பிடித்தார். நாள்காட்டி அப்போது குருமார்கள் கையில் இருந்தது, சீசர் அதைத் திருத்தி அமைத்தார், கி.மு. 45 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கி.மு. 12-இல் அகஸ்டஸ் பட்டத்தை எடுத்துக்கொண்ட பிறகு சக்கரவர்த்தியே தலைமைக் குரு, நாலாம் நூற்றாண்டு வரைக்கும். பிற்பாடு அது போப்பாண்டவருக்குப் போனது, அவரும் 1870 வரை மத்திய இத்தாலியில் நாடு ஆண்டவர்தான்.

இனி நம் பக்கம் வருவோம். செட்டிநாட்டு ஊர்கள் பல ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் இருந்தவை. ராமநாதபுரத்து மன்னர் பட்டம் சேதுபதி. சேது என்றால் அணை, பாலம், பதி தலைவன். ராமேசுவரம் போகும் யாத்ரீகர்களைக் காப்பதும் கோயிலைப் பேணுவதும் அவர் கடமை. அவர்களுக்கு முன்பே யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் சேதுகாவலர் என்று பேர் சொல்லி, காசிலும் ‘சேது’ என்று பொறித்தார்கள். ரோமில் ஒரு பாலம், ராமேசுவரத்தில் ஒரு பாலம், இரண்டு இடத்திலும் அதன் பேரில் ஆள்கிறவனுக்குப் பட்டம்! ஒன்றிலிருந்து ஒன்று வந்ததில்லை, ஆனாலும் எனக்கு இது பெரிய ஆச்சரியம். வித்தியாசமும் உண்டு: சேதுபதி காவலர், பூசை செய்கிற குரு இல்லை. அதனால் ரோமப் பட்டத்தைச் சேதுபதி என்று மொழிபெயர்த்தால் தப்பு.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ரோமப் பதவிக்குத் ‘தலைமைக் குரு’ போதும். போப்பாண்டவருக்குத் ‘திருத்தந்தை’ என்ற நல்ல சொல்லைத் தமிழ்க் கத்தோலிக்கர்களே வைத்திருக்கிறார்கள். ஆட்சியும் குருத்துவமும் ஒரே ஆளிடம் சேர்ந்த பொதுநிலைக்கு ‘குருவேந்தர்’ என்பேன்.

ஆதீனத்துக்கு இது எதுவுமே வேண்டாம். அந்தச் சொல் வடமொழி ‘அதீனம்’, ஒருவர் வசத்தில் இருப்பது என்று பொருள். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரங்களில் ‘சுவாதீனம்’ என்று வருமே, அதே குடும்பம்தான். மடமும் அதன் கோயில்களும் நிலமும் யார் பொறுப்பில் என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது. எழுதும்போது ஆதீனகர்த்தர் என்றோ சந்நிதானம் என்றோ எழுதுங்கள்.