‘சுய அறுவை சிகிச்சை’ என்று ஒன்று கிடையாது

தன் உடம்பைத் தானே கத்தியால் கீறிக்கொள்வதற்கு ‘சுய அறுவை சிகிச்சை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். செய்தித் தலைப்பில் அதுதான், காணொளித் தலைப்பில் அதுதான், ஆவணப்படங்களின் அடியில் ஓடும் தமிழ் வரிகளிலும் அதுதான். பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது. படிக்கிறவர் மனத்தில் இந்தச் சொல் தப்பான தைரியத்தை ஊட்டுகிறது.

முதலில் சொற்பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் ‘சர்ஜரி’ என்பதன் மூலம் கிரேக்கம். ‘கை’, ‘வேலை’ என்று பொருள்படும் இரண்டு சொற்கள் சேர்ந்து, லத்தீன், பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்தது. நம் ‘அறுவை’ அறு என்ற வினையிலிருந்து பிறந்தது, பார்வை, போர்வை மாதிரி. சங்க காலத்தில் அறுவை என்றால் துணி. துணி என்ற சொல்லும் துணிப்பதிலிருந்து, அதாவது வெட்டுவதிலிருந்து வந்ததுதான். சிகிச்சை வடமொழி. கவனித்தல், உணர்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வருவது, ஆக அதன் அடியில் இருப்பது அக்கறையோடு கவனித்துப் பார்ப்பது. இலங்கையில் ‘சத்திர சிகிச்சை’ என்பார்கள்; அந்தச் சத்திரம் தங்கும் சத்திரம் இல்லை, கத்தியைக் குறிக்கும் ‘சஸ்திரம்’.

சரி, ‘சுய’ எங்கிருந்து ஒட்டிக்கொண்டது? இதற்குத் தமிழ் வினையமைப்பே ஒரு காரணம். ‘அறுவை சிகிச்சை செய்துகொண்டார்’ என்றால் மருத்துவமனையில் படுத்து மருத்துவரிடம் செய்துகொண்டார் என்றுதான் நமக்குப் புரியும். ‘முடி வெட்டிக்கொண்டான்’ என்றால் யாரும் அவனே கத்தரியைப் பிடித்தான் என்று நினைப்பதில்லை. ஆனால் ‘கையை வெட்டிக்கொண்டான்’ என்றால் அவன் கையாலேயே காயம் பட்டது என்று உடனே தெரிகிறது. ஒரே ‘கொள்’, இரண்டு வேலை. மொழிபெயர்ப்பாளருக்கு இங்கே சிக்கல் வந்திருக்கிறது, நியாயமான சிக்கல்தான். ‘தானே’ என்று ஒரு சொல்லைப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அதை விட்டுவிட்டு ‘செல்ஃப் சர்ஜரி’ என்ற ஆங்கிலச் சொல்லின் முன்பாதியை அப்படியே ‘சுய’ ஆக்கி முன்னால் ஒட்டிவிட்டார்கள்.

அந்தச் ‘சுய’ நம் மொழியில் எந்தக் கூட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள்: சுயமரியாதை, சுயதொழில், சுயசார்பு, சுயமுயற்சி. எல்லாம் பாராட்டுச் சொற்கள். இந்த வரிசையில் கொண்டுபோய்க் கத்தியை வைத்தால், யாரையும் எதிர்பார்க்காமல் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டவர் என்ற தொனி வராமல் என்ன செய்யும்?

அதைவிடப் பெரிய தப்பு ‘சிகிச்சை’. சிகிச்சைக்கு இன்னொருவர் வேண்டும். இதை வள்ளுவர் 950ஆம் குறளில் சொல்லிவிட்டார்: ‘உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து’. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, பக்கத்தில் இருந்து செய்பவன் என நான்கு கூறு. வீட்டில் தன் மேல் கத்தி வைப்பவர் உற்றவன், தீர்ப்பான், உழைச்செல்வான் மூன்றையும் ஒரே உடம்பில் திணிக்கிறார். மயக்கம் வந்து விழுந்தால் மூவரும் சேர்ந்தே விழுகிறார்கள். ரத்தம் பீறிட்டால் அழுத்திப் பிடிக்க இன்னொரு கை கிடையாது.

உடனே ஒருவர் ரோகசோவ் கதையைத் தூக்கிக்கொண்டு வருவார். அதையும் பார்த்துவிடுவோம். 1961இல் அண்டார்டிகாவின் நோவோலசரெவ்ஸ்கயா நிலையத்தில் இருந்த சோவியத் மருத்துவர் லியனித் ரோகசோவ், 27 வயது, தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தார். உண்மைதான். ஆனால் அவர் அறுவை மருத்துவம் படித்தவர். அந்த நிலையத்தில் இருந்த 13 பேரில் அவர் ஒருவர்தான் மருத்துவர். வெளியே போக வழியே இல்லை. அப்போதும் அவர் தனியாகச் செய்யவில்லை. கருவிகளை எடுத்துக்கொடுக்க ஒருவர், கண்ணாடியும் விளக்கும் பிடிக்க ஒருவர் என்று ஆள் வைத்து, தான் நினைவிழந்தால் எந்த ஊசி போடுவது, எப்படி மூச்சு கொடுப்பது என்பதுவரை சொல்லிக்கொடுத்த பிறகுதான் கத்தியை எடுத்தார். அந்தப் பனிப் பாலைவனத்திலும் ஓர் உழைச்செல்வான் இருந்தான் என்பதுதான் அந்தக் கதையில் நான் பார்ப்பது. அவ்வளவுக்குப் பிறகும் நடுவில் குடலின் ஒரு பகுதியில் காயம் பட்டு, அதையும் தைக்க வேண்டிவந்தது. 1921இல் அமெரிக்காவில் ஈவன் ஓ’நீல் கேன் என்ற அறுவை மருத்துவர் இதையே செய்தபோதும் மருத்துவமனையில், மற்ற மருத்துவர்கள் சுற்றி நிற்கத்தான் செய்தார்.

வீட்டில் நடப்பது இந்த மாதிரி இல்லை. ஒரு மச்சத்தை எடுத்துக்கொள்வோம். பிளேடைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் கிருமி போய்விட்டது என்று நம்பிக்கை. கொதிநீரின் சூட்டில் பல கிருமிகள் சாகும், ஆனால் டெட்டனஸ் மாதிரி நோய்களை உண்டாக்கும் பாக்டீரியாக்களின் வித்துகள் தாக்குப்பிடிக்கும். அதற்காகத்தான் மருத்துவமனைகளில் அழுத்தத்தோடு 121 டிகிரி நீராவியில் கருவிகளை வைக்கிறார்கள். சரி, புண் பழுக்கவில்லை, ஆறிவிட்டது என்றே வையுங்கள். வெட்டி எறிந்த அந்தத் துணுக்கில் புற்றுநோய் இருந்ததா என்று இனி யாரும் சொல்ல முடியாது. மருத்துவர் எடுத்திருந்தால் அது பரிசோதனைக்குப் போயிருக்கும். இங்கே அது குப்பைக்குப் போனது, மிச்சம் தோலுக்கு அடியில் வளர்ந்துகொண்டே இருக்கலாம், மேலே தழும்பு மூடியிருக்கும். சர்க்கரை நோயால் காலில் உணர்வு குறைந்தவர் ஆணிக்காலைப் பிளேடால் சீவுவதும் இப்படித்தான், எவ்வளவு ஆழம் போனது என்பதே அவருக்குத் தெரியாது. மரத்துப்போகும் ஊசியைத் தானே வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் வேறு இருக்கிறார்கள். அளவு மிஞ்சினால் வலிப்பு வரும், இதயமே நின்றுபோகலாம். இதற்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர், சிகிச்சை!

இன்னொரு கோஷ்டி இதைக் ‘கைவைத்தியம்’ என்று எழுதுகிறது. கிரேக்க மூலத்தில் கை இருக்கிறது என்பதால் பொருத்தம் போலத் தோன்றும். ஆனால் தமிழில் கைவைத்தியம் என்றால் சளிக்கு ஆவி பிடிப்பது, சுளுக்குக்கு ஒத்தடம் கொடுப்பது. தோலைத் தாண்டி உள்ளே போகாத விஷயங்கள். அந்தப் பழைய, நல்ல சொல்லைக் கத்திக்குக் கடன் கொடுத்தால் நாளைக்கு ஒத்தடத்துக்கு வேறு சொல் தேட வேண்டும்.

‘முதலுதவி’யை உருவாக்கியவர்களிடம் இவர்கள் பாடம் கேட்கலாம். அதில் சிகிச்சை என்று இல்லை, உதவி என்றுதான் இருக்கிறது. முதல் என்று சொன்னதால் அடுத்தது மருத்துவர் என்பதும் உள்ளேயே வந்துவிடுகிறது.

அப்புறம் ‘அமெச்சூர்’, அதாவது ஒன்றைத் தொழிலாக இல்லாமல் விருப்பத்துக்காகச் செய்பவர். லத்தீனில் ‘விரும்புபவர்’ என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அகராதியைத் திறந்தால் ‘பயில்முறை’ என்று இருக்கும். நாடகக் குழுவுக்கு அது பொருந்தும். அதையே எடுத்துப் ‘பயில்முறை மருத்துவர்’ என்று எழுதினால், படிக்கிறவர் நினைவுக்கு வருவது மருத்துவமனையில் மேற்பார்வையோடு வேலை கற்கும் பயிற்சி மருத்துவர். ஒரு நாளும் மருத்துவம் பயிலாத ஆளைப் பயில்பவர் ஆக்கிவிடுகிறது இந்த மொழிபெயர்ப்பு. போலி மருத்துவர் என்றும் எழுதக் கூடாது, போலி என்றால் தான் மருத்துவர் என்று பொய் சொல்லி ஏமாற்றுபவர். நண்பனுக்குக் குறட்டால் பல் பிடுங்கிவிடுபவர் அப்படி ஏதும் சொல்வதில்லை. ‘மருத்துவம் படிக்காதவர்’ என்று நேராக எழுதினால் என்ன குறைந்துவிடும்? இரண்டு சொல் ஆகிறது என்பார்கள். ஆகட்டுமே. ஒற்றைச் சொல் வெறியில்தான் பாதிக் கலைச்சொற்கள் பாழாய்ப்போயின.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். ரோகசோவ், கேன் போன்ற மருத்துவர்கள் தங்கள் மேல் செய்தவற்றுக்குத் ‘தன்னறுவை’. தன் + அறுவை, புணர்ச்சி சரி, சொல்லும் சின்னது. பேச்சுவழக்கில் சலிப்பூட்டும் பேச்சுக்கும் அறுவை என்கிறோமே என்று கேட்பார்கள். அறுவை அரங்கு, அறுவை மருத்துவர் என்று படிக்கும்போது யாருக்கும் அந்தக் குழப்பம் வருவதில்லை, இதற்கும் வராது. மற்றவர்கள் செய்வதற்குக் கலைச்சொல்லே வேண்டாம், வினையாகவே எழுதலாம். ‘சுய அறுவை சிகிச்சை மூலம் கட்டியை அகற்றியவர் கவலைக்கிடம்’ என்று போடுவதற்குப் பதில், ‘கட்டியைத் தானே அறுத்துக்கொண்டவர் கவலைக்கிடம்’ என்று போடுங்கள். எழுத்தும் குறைகிறது, நடந்ததும் விளங்குகிறது.