ராத்திரி மாத்திரையால் ரத்தம் நிற்காமல் போகாது

தேவனாம்பட்டினத்துப் பெரியவர் ஒருவர், வயது 64, குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்திருந்தார். காலையில் தியேட்டர் வாசலில் பார்த்தால் நாடி 118, ரத்த அழுத்தம் 190/110.

"ராத்திரி மாத்திரை போட்டீங்களா ஐயா?"

மகன் முந்திக்கொண்டார். "தூக்க மாத்திரை போட்டா ரத்தம் இளகிடும், ஆபரேஷன்ல நிக்காதுன்னு சொன்னாங்க டாக்டர். நான்தான் குடுக்கல. நெஞ்சு மாத்திரைய மட்டும் விடாம குடுத்துட்டேன்."

அட்டையை வாங்கிப் பார்த்தேன். குளோபிடோக்ரல், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. இதயக் குழாயில் அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்த விஷயத்தையே அப்போதுதான் சொல்கிறார்கள். ஆபரேஷன் தள்ளிப்போனது. இந்த மாதத்தில் இது மூன்றாவது.

ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி மயக்க மருத்துவர்கள் நாங்கள் கொடுக்கும் தூக்க மாத்திரை பெரும்பாலும் அல்பிரசோலம். மூளையில் வேலை செய்து பதற்றத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். சோதனைக் குழாயில் இந்த வகை மருந்துகள் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களைக் கொஞ்சம் மந்தமாக்குவதைப் பார்த்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் ஒரு ராத்திரிக்குக் கொடுக்கும் அளவில் ஆபரேஷன் மேஜையில் ரத்தம் நிற்காமல் போகாது. ரத்தம் உறையாமலிருக்க வார்பரின் சாப்பிடுபவருக்குக்கூட இதனால் ரத்தப்போக்கு கூடுவதில்லை. பயம்தான் கெடுதல். பயத்தில் அட்ரினலின் சுரந்தால் அழுத்தம் ஏறும், வெட்டிய இடத்தில் கசிவு கூடும். அதே அட்ரினலின் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவும் வைக்கும். ஸ்டென்ட் உள்ளவருக்கு அது நல்லதில்லை.

ரத்தத்தை உண்மையில் இளக்குபவை ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்பரின். ஆஸ்பிரின் பட்ட தட்டணு சாகும்வரை வேலைக்கு உதவாது, முழுதாகப் புதியவை வர 7 முதல் 10 நாள் ஆகும். குளோபிடோக்ரலை வழக்கமாக 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். இல்லாவிட்டால் மரத்துப்போக முதுகில் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டி நரம்பை அழுத்தலாம், கால் விளங்காமல் போகலாம். மயக்க மருத்துவர்கள் எங்களுக்கு இதுதான் பெரிய பயம்.

அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள்! ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பலருக்கு ஆஸ்பிரினைத் தொடரவே சொல்வார்கள்.

சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கியது, நாட்டு மருந்து, எதையும் மறைக்க வேண்டாம். கடலூரில் பார்த்தாலும் ஜிப்மரில் பார்த்தாலும் பழைய சீட்டை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.

தூக்க மாத்திரையில் நான் கவலைப்படுவது மூச்சைப் பற்றித்தான். பெரிய குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது, நுரையீரல் நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அதைத் தராமலே பார்த்துக்கொள்கிறேன். மாத்திரை போட்ட வயதானவர்களை ராத்திரி தனியாகக் கழிவறைக்கு அனுப்பாதீர்கள், விழுந்துவிடுவார்கள்.

அப்புறமும் சந்தேகமா? மாத்திரையைக் குப்பையில் போடுமுன் வார்டு சிஸ்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ராத்திரி பத்து மணியானாலும் பரவாயில்லை, என்னைக் கூப்பிடுவார்கள்.