புரோபேட்: மனுவா, வழக்கா?

மெய்ப்பித்தல், சோதித்தறிதல் என்று பொருள்படும் 'புரோபாரே' என்ற இலத்தீன் வினையிலிருந்து பிறந்து, ஆங்கிலத்தின் வழியாக நம் நீதிமன்றங்களுக்கு வந்த சொல் 'புரோபேட்'. பேச்சுவழக்கில் இச்சொல்லை நீதிமன்ற நடவடிக்கைக்கும், அதன் முடிவில் கைக்கு வரும் ஆவணத்துக்கும் பொதுவாகவே ஆளுகிறோம். ஆனால் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், அதிகாரமுள்ள நீதிமன்றம் முத்திரையிட்டுச் சான்றளித்து, இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கும் உரிமையுடன் வழங்கும் உயிலின் நகலையே அப்பெயரால் குறிக்கிறது.

இதற்கு 'உயில் மெய்ப்பிதழ்' என்பதே பொருத்தமான தமிழ்ச்சொல் என்பேன். ('உயில்' என்பதும் ஆங்கிலச் சொல்லின் தமிழ் உருவந்தான்; இலங்கைத் தமிழர் 'மரண சாதனம்' என்றும் எழுதுவர்.) 'உயில் சான்றிதழ்' என்று எழுதினால் பத்திரப் பதிவோடு குழம்ப இடமுண்டு, பதிவு செய்யப்பட்டது என்பதாலேயே ஓர் உயில் மெய்ப்பிக்கப்பட்டதாக ஆகிவிடாது. மேலும், மெய்ப்பிதழ் உயிலைச் செயல்படுத்துவதற்கென்று அந்த உயிலிலேயே நியமிக்கப்பட்ட நிறைவேற்றுநருக்கு மட்டுமே உரியது. அப்படி ஒருவரும் குறிப்பிடப்படாதபோது கிடைப்பது, உயில் இணைத்த நிர்வாக உரிமை ஆவணம்.

"புரோபேட் கேஸ் போட்டிருக்கிறோம்" என்று சொல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் தாக்கல் செய்திருப்பது வழக்கு அன்று, மனுவே. சென்னை உயர் நீதிமன்றத்தில் அது ஓ.பி. (ஒரிஜினல் பெட்டிஷன், அதாவது மூல மனு) என்ற வரிசையில் எண்ணிடப்படும். நெருங்கிய உறவினர்களுக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டு, எவரும் எதிர்க்காமல், உயிலில் சாட்சிக் கையொப்பமிட்டவர் ஒருவரின் உறுதிமொழி ஆவணமும் நீதிமன்றத்துக்கு மனநிறைவு அளித்தால், வாதி, பிரதிவாதி என்ற பேச்சுக்கே இடமின்றி மெய்ப்பிதழ் கிடைத்துவிடும்.

வாரிசு ஒருவர், தம்மைக் கேட்காமல் மெய்ப்பிதழ் வழங்கக் கூடாது என்னும் 'கேவியட்' (முன்தடை மனு) தாக்கல் செய்து, "இது என் தந்தையின் கையெழுத்து அன்று" என்றோ, "உயில் எழுதிய நாளில் அவர் சுயநினைவோடு இல்லை" என்றோ எதிர்த்தால்தான் நிலைமை மாறுகிறது. எதிர்ப்பு எழுந்த நடவடிக்கை, இயன்றவரை உரிமையியல் வழக்கின் வடிவத்தையே பெற வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 295-ஆம் பிரிவு. மனுதாரர் வாதியாகிறார், எதிர்த்தவர் பிரதிவாதியாகிறார், ஓ.பி. எண் போய் டி.ஓ.எஸ். (டெஸ்டமென்டரி ஒரிஜினல் சூட், அதாவது உயில் சார்ந்த மூல வழக்கு) எண் வருகிறது. நீதிமன்றம் தீர்க்க வேண்டிய எழுவினாக்கள் வனையப்பட்டு, சாட்சி கூண்டேறிக் குறுக்கு விசாரணைக்கு உள்ளாகிறார். 'உயில் வழக்கு' என்ற பெயர் இந்தக் கட்டத்துக்கே பொருந்தும்.

ஆயினும் இவ்வழக்கின் எல்லை குறுகியது. உயில் உண்மையானதா, முறைப்படி எழுதப்பட்டதா, எழுதியவர் தெளிந்த மனத்துடன் தம் விருப்பப்படி எழுதினாரா என்பவற்றோடு விசாரணை நின்றுவிடும். உயிலில் கண்ட வீடு உண்மையில் இறந்தவருக்குச் சொந்தமானதா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழைவதில்லை. அதனால்தான், "அந்த வீடு அவருடையதே அன்று, என்னுடையது" என்பதை மட்டுமே சொல்லி ஒருவர் கேவியட் போட்டு நிற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் பிர்லா குடும்பச் சொத்து வழக்கில் தீர்ப்பளித்தது. அத்தகையவர் உரிமையியல் நீதிமன்றத்தில் தனி வழக்குத் தொடுக்க வேண்டியவர்.