எடிட்டிங் லேப்டாப்: ஸ்டிக்கரில் எழுதாத சங்கதிகள்

புரட்டாசியில் எங்கள் தொழிலுக்கு முகூர்த்தம் கிடையாது. ஆவணியில் எடுத்துக் குவித்த கல்யாணங்களை எல்லாம் எடிட் செய்து முடிக்கிற மாதம் அது. அப்படி ஒரு மதியம் தம்பி ஒருவன் என் ஸ்டூடியோவுக்கு வந்தான். அவனும் மதுரையிலேயே கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன்தான். பையில் புது லேப்டாப்.

"அண்ணே, ஒன்னேகால் லட்சம் போட்டு வாங்குனேன். டைம்லைன்ல ப்ளே பண்ணா சத்தம் ஓடுது, படம் அப்படியே நிக்குது. பழைய மெஷின்லகூட இப்படி ஆனதில்லண்ணே."

தவணையில் வாங்கியிருக்கிறான். இன்னும் பதினோரு தவணை பாக்கி.

திறந்து பார்த்தேன். எட்டு கோர், அதாவது எட்டு மூளை உள்ள பிராசசர், 16 ஜிபி ராம், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. கேம் ஆடுகிற பையனிடம் கொடுத்தால் கொண்டாடுவான். கோளாறு என்று சொல்ல மெஷினில் ஒன்றும் இல்லை. ஆனால் லேப்டாப் வாங்கிய அதே மாதம் அவன் கேமராவையும் மாற்றியிருந்தான். முடிச்சு அங்கேதான்.

பழைய கேமரா 8 பிட்டில், 4:2:0 வகையில் பதிவு செய்தது. புதியது ஹெச்.265 என்ற சுருக்கும் முறையில், 10 பிட், 4:2:2. ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட்டில் 256 படிகள் என்றால் 10 பிட்டில் 1024. 4:2:0 என்பது நாலு புள்ளிகளுக்கு ஒரு நிறத் தகவல், 4:2:2 என்பது இரண்டு புள்ளிகளுக்கு ஒன்று. கிரேடிங்கில் கலரை எவ்வளவு இழுத்தாலும் படம் தாங்கும். நல்ல சமாச்சாரம்தான். ஆனால் ஹெச்.265 என்பது இறுக்கிச் சுருட்டி வைத்த பாய் மாதிரி. பெரும்பாலான ஃப்ரேம்கள் முழுசாக இருப்பதில்லை. முன்னும் பின்னும் இருக்கிற ஃப்ரேம்களோடு என்ன வித்தியாசம் என்பது மட்டும்தான் ஃபைலில் இருக்கும். ப்ளே பண்ணும்போது ஒவ்வொன்றையும் விரித்துக் கட்ட வேண்டும். அதற்கென்றே சிப்புக்குள் தனியாக ஒரு பகுதி உண்டு. அந்தப் பகுதிக்கு 4:2:2 தெரியாவிட்டால் மொத்தப் பாரமும் பிராசசர் தலையில் விழுகிறது. தம்பியின் மெஷினில் பிராசசருக்குள் ஒன்று, தனிக் கார்டு ஒன்று என்று கிராபிக்ஸ் இரண்டு இருந்தும் இரண்டுக்குமே அந்தப் பாடம் தெரியாது.

யாருக்குத் தெரியும்? இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலான லேப்டாப் சிப்புகளில் உள்ளேயே வரும் கிராபிக்ஸுக்குத் தெரியும். ஆப்பிளின் எம்1 சிப் முதற்கொண்டு தெரியும். என்விடியா கார்டுகளில் 2025-இல் வந்த 50 வரிசையிலிருந்துதான். அதற்கு முந்தைய 40 வரிசைக் கார்டு எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் இந்த 4:2:2-வை விரிக்காது. அதாவது கல்யாண எடிட்டருக்குச் சில சமயம் பெரிய கார்டைவிட, பிராசசருக்குள் ஓசியாக வருகிற சின்ன கிராபிக்ஸ்தான் சோறு போடுகிறது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. கேமிங் லேப்டாப் சிலவற்றில் பெரிய கார்டு மட்டும் ஓடும்படி ஒரு செட்டிங் இருக்கும். அதைப் போட்டுவிட்டால் உள்ளே இருக்கிற கிராபிக்ஸ் அணைந்துவிடும், இந்த வசதியும் சேர்ந்து போய்விடும். "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சுண்ணே" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

தம்பியின் லேப்டாப்பை விற்கவில்லை. கேமராவில் 10 பிட்டை வைத்துக்கொண்டு 4:2:2-வை மட்டும் 4:2:0-வுக்கு மாற்றினோம். ஏற்கெனவே எடுத்த ஐந்து கல்யாணங்களுக்கு ராத்திரியோடு ராத்திரியாக ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்ய எளிதான சின்ன நகல், ஓடவிட்டோம். காலையில் டைம்லைன் வழுக்கிக்கொண்டு ஓடியது. செலவு ஒரு பைசா இல்லை. வாங்குவதற்கு முன்பே கேட்டிருந்தால் அந்தக் காசுக்கு வேறு மெஷினைக் கைகாட்டியிருப்பேன், அவ்வளவுதான்.

ஸ்டிக்கருக்கு வருகிறேன். கடையில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "ஐ5-ஆ, ஐ7-ஆ?" என்பது. அந்த எண்ணைவிடக் கடைசியில் ஒட்டியிருக்கிற எழுத்து முக்கியம். ஐ7-1255யு என்ற சிப்பில் பெரிய கோர் இரண்டுதான், மிச்சம் எட்டும் சின்னது. ஐ5-12500ஹெச்சில் பெரியது நாலு, சின்னது எட்டு. ரெண்டர் போட்டால், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக்கினால், இந்த ஐ5 அந்த ஐ7-ஐத் தாண்டிப் போய்விடும். 'யு' என்றால் பேட்டரிக்காகக் கரண்டை அளந்து குடிக்கிற சிப், 'ஹெச்' என்றால் வேலைக்கான சிப். இன்டெல் பெயரையே 'கோர் அல்ட்ரா' என்று மாற்றிய பிறகும் இந்த எழுத்து வழக்கம் போகவில்லை.

கார்டு விஷயத்தில் கூத்து இன்னும் பெரிது. லேப்டாப்புக்கான என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060 என்பது 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதில் வேண்டுமானாலும் ஓடலாம். மெலிசான மெஷினில் குறைந்த வாட், தடித்த மெஷினில் முழு வாட். பெட்டியில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பச்சை ஸ்டிக்கர். கம்பெனியின் இணையப் பக்கத்தில் விவரக்குறிப்பைத் தேடி, 'டிஜிபி' என்று எத்தனை வாட் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். போடவே இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். கார்டின் சொந்த மெமரியும் முக்கியம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் 4கே டைம்லைனில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போடுகிறவர்களுக்கு 4 ஜிபி மூச்சு முட்டும். 8 இருந்தால் நிம்மதி.

இனி ஸ்கிரீன். இதில் நானே பட்டிருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் பிராசசர், ராம் எல்லாம் பார்த்துப் பார்த்து ஒரு லேப்டாப் வாங்கினேன். முதல் ஆல்பம் அதில் டிசைன் செய்து பிரிண்ட் போடும் லேபுக்கு அனுப்பினேன். பிரிண்டில் அரக்குப் பட்டு பற்றி எரிகிற சிவப்பில் வந்து நின்றது. ஜரிகை மடிப்பெல்லாம் ஒரே அப்பலாக அப்பியிருந்தது, பொண்ணு முகம் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி. லேபைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். லேப்காரர் பொறுமையாக, "உங்க ஃபைலே அப்படித்தான் இருக்கு, வந்து எங்க மானிட்டர்ல பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, முப்பது ஷீட்டையும் என் செலவில் திரும்ப அடித்தேன்.

நடந்தது இதுதான். ஸ்கிரீன் எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான அளவு என்டிஎஸ்சி, என் ஸ்கிரீன் அதில் 45 சதவீதம். இன்று பொதுவாகப் புழங்கும் நிற அளவான எஸ்ஆர்ஜிபி கணக்கில் சொன்னால் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டாது. அதில் சிவப்பு என்றைக்கும் சோகையாகத்தான் தெரியும். சோகையாகத் தெரிகிறதே என்று நான் சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அழுத்தத்தை, ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். 1953-இல் அமெரிக்கக் கலர் டிவிக்காக வகுத்த இந்த என்டிஎஸ்சி அளவை வைத்து இன்றும் லேப்டாப் ஸ்கிரீனை அளந்து விற்கிறார்களே, அது ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. போகட்டும். 72 சதவீத என்டிஎஸ்சி என்றோ 100 சதவீத எஸ்ஆர்ஜிபி என்றோ எழுதியிருந்தால் ஏறக்குறைய ஒன்றுதான், நம் வேலைக்குத் தாராளம். நான் கேட்டவரை லேப்கள் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி ஜேபெக் ஃபைலைத்தான் வாங்குகின்றன. இரண்டுமே எழுதாமல் 'ஃபுல் ஹெச்டி, 144 ஹெர்ட்ஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் காசை நீட்டாதீர்கள்.

நிறம் கூடின ஸ்கிரீனிலும் இதற்கு எதிர்ப்பக்கமாக ஒரு பள்ளம் இருக்கிறது. இப்போது வருகிற ஓலெட் ஸ்கிரீன்கள் எஸ்ஆர்ஜிபியைவிட விரிந்த டிசிஐ-பி3 வரை காட்டும், கண்ணைப் பறிக்கும். செட்டிங்கில் எஸ்ஆர்ஜிபி போட மறந்தால் எல்லா நிறமும் தூக்கலாகத் தெரியும், நீங்கள் குறைத்துவிடுவீர்கள், பிரிண்ட் வெளுத்து வரும். ஆல்பம்தான் உங்கள் முக்கியப் பிழைப்பு என்றால் லேப்டாப்பில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, ஒரு நல்ல ஐபிஎஸ் மானிட்டரும், ஸ்கிரீன் நிறத்தைச் சரிசெய்யும் கலர் கேலிபிரேட்டரும் வாங்குவது மேல். கேலிபிரேட்டரை இரண்டு மூன்று ஸ்டூடியோக்காரர்கள் சேர்ந்தும் வாங்கலாம். மாதம் ஒரு தடவைதானே வேண்டும்.

ஆல்பம் வேலைக்குப் பெரிய கார்டு தேவையே இல்லை. ஒரு கணக்குச் சொல்கிறேன். பன்னிரண்டுக்கு முப்பத்தாறு இன்ச் ஷீட் 300 டிபிஐயில் 3600-க்கு 10800 பிக்சல், கிட்டத்தட்ட 3.9 கோடி புள்ளிகள். 8 பிட்டில் ஒரு லேயருக்கே 115 எம்பிக்கு மேல். இருபது லேயர், மாஸ்க், ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் என்று போட்டு மூன்று ஷீட்டைத் திறந்து வைத்தால் ராம் எங்கே போகிறது என்று புரியும். டிசைனுக்கு மட்டும் என்றால் 16 ஜிபியில் ஓட்டலாம். வீடியோவும் சேர்ந்தால் 32 போடுங்கள். வாங்கும்போதே 32 முடியாது என்றால், பின்னால் ஏற்ற காலி ஸ்லாட் இருக்கிறதா, ராமைப் போர்டோடு பற்றவைத்துவிட்டார்களா என்று கேளுங்கள். ஒரே ஸ்டிக்காகப் போட்டு விற்றால் ஜோடியாக்கிவிடுங்கள். உள் கிராபிக்ஸ் அந்த ராமைத்தான் பங்குபோட்டு வேலை செய்கிறது, ஜோடி சேர்ந்தால் அதற்கும் தெம்பு வரும்.

எஸ்எஸ்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 200 மெகாபிட்டில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 90 ஜிபி. 512 ஜிபி எந்த மூலைக்குக் காணும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இரண்டாவது எஸ்எஸ்டி ஸ்லாட் இருந்தால் நல்லது.

சூட்டைப் பற்றி விமர்சன வீடியோக்கள் சொல்வதை நான் பாதிதான் நம்புவேன். அவர்கள் ஏசி அறையில் பத்து நிமிஷச் சோதனை போடுகிறார்கள். நமக்கோ மூன்று மணி நேர டிரெடிஷனல் வீடியோ, சித்திரை மாதம், வெளியே 40 டிகிரி. சிப் 100 டிகிரியை நெருங்கினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெலிசான மெஷின் முதல் பத்து நிமிஷம் குதிரை, அப்புறம் மாட்டு வண்டி. ஃபேனில்லாத மேக்புக் ஏரும் 4:2:2-வை அழகாக ஓட்டும், நீளமான எக்ஸ்போர்ட்டில் தளரும். மேக் வாங்குகிறவர்கள் ராமை முதலிலேயே தாராளமாகத் தேர்ந்தெடுங்கள், பின்னால் ஏற்றவே முடியாது.

காலை முகூர்த்தத்தை வெட்டி ஒட்டி, ராத்திரி ரிசப்ஷனில் எல்இடி வாலில் போட வேண்டும் என்கிற வழக்கம் பெருகிவிட்டது. மண்டபத்தில் உட்கார்ந்துதான் எடிட் செய்ய வேண்டும். கேமிங் லேப்டாப் பிளக்கைப் பிடுங்கினால் கார்டு பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். மேக் பேட்டரியிலும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடும். மண்டப வேலை அதிகம் உள்ளவர்களுக்கு நான் மேக் சொல்வது இதற்காகத்தான், பகட்டுக்காக இல்லை. ஸ்டூடியோவிலேயே உட்கார்ந்து செய்கிறவர்களிடம் லேப்டாப்பே எதற்கு என்றுதான் கேட்பேன். அதே காசுக்கு டெஸ்க்டாப் நன்றாக உழைக்கும்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் ஸ்டூடியோ பெயரிலேயே பில் வாங்குங்கள். லேப்டாப்புக்கு 18 சதவீதம் வரி, அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம்.

போன வாரம் தம்பி மறுபடி வந்தான், இந்த முறை அவனுடைய கூட்டாளிக்கு மெஷின் வாங்க. அந்தக் கூட்டாளியின் கேமராவில் எடுத்த கிளிப் நாலைந்து, பாதியில் நிற்கிற ஒரு ப்ராஜெக்ட், அகலமான ஆல்பம் ஷீட் ஒன்றின் பிஎஸ்டி (போட்டோஷாப் ஃபைல்), எல்லாவற்றையும் ஒரு எஸ்எஸ்டியில் போட்டுக்கொடுத்தேன். கடையில் முதலில் தயங்கினார்களாம். "ஓட்டிப் பாக்காம வாங்கமாட்டோம்" என்று இரண்டு பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். டிரையல் சாஃப்ட்வேர் ஏற்றி, டாஸ்க் மேனேஜரில், சிப்பின் அந்தத் தனிப் பகுதி வேலை செய்வதைக் காட்டும் 'வீடியோ டிகோட்' கோடு எழும்புகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். முதல் இரண்டு மெஷினில் அந்தக் கோடு தரையிலேயே படுத்துக் கிடந்ததாம். மூன்றாவதைப் பில் போடச் சொல்லிவிட்டுத்தான் எனக்கு போன் அடித்தான்.